மாத்தளைப் பாதையின் வளையம்

மாத்தளை ரயில் நின்றுபோனதும் கட்டுகஸ்தோட்டையில் தண்டவாளத்துக்குப் புதுப்புது வேலைகள் வந்து சேர்ந்தன. கார்த்திகை மழை மேலே எங்கெங்கோ பாதையை அரித்துக்கொண்டு போயிருந்தது. திருத்தி முடிக்க மாதக் கணக்காகும் என்று பேச்சு அடிபட்டதும் ஆட்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. சிலீப்பர் கட்டைகளின்மேல் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஆடு கட்டினார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எந்நேரமும் மினுங்கிக் கிடந்த இரும்பின் முதுகில் செந்துரு ஏறியது.

நிரஞ்சனியின் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கொய்யா மரம், அதற்கு அடுத்தது தண்டவாளம்தான். மாநகர சபையில் எழுதுவினைஞர் வேலை அவளுக்கு. கணவன் ஜனார்த்தனன் டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தான். ஒரே மகள் தர்ஷனாவுக்கு ஏழு வயது. டிசம்பர் லீவு விட்டதும் மாத்தளைக்கு ரயிலில் கூட்டிப்போய் முத்துமாரியம்மனைக் கும்பிட்டு வருவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கும் மழையோடு போயிற்று.

"ரயில் இல்லாட்டி என்ன, பொம்ம ரயில் இருக்குல்ல?" என்றான் ஜனார்த்தனன். "கண்டியில லீவுக்கு காட்டுறாங்களாம். கடைக்கு வந்த ஆளு சொன்னாரு. சின்னப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு நெச ரயில் மாதிரியே ஓடுதாம்."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்துக்குப் போனார்கள்.

வாவிக்குப் பின்புறத் தெருவில் இருந்த பழைய மண்டபம் அது. உள்ளே, பத்துப் பன்னிரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு, கண்டியிலிருந்து மாத்தளை வரையான பாதையை அப்படியே சின்னதாகச் செய்து வைத்திருந்தார்கள். பச்சைத் துணியில் மலை. நீல வார்னிஷில் மகாவலி. விரல் நீள ரயில் ஒன்று குகைக்குள் போய் மறுபக்கம் வந்தது. தர்ஷனா மேசை விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்ந்தவள் திடீரென்று கூவினாள்.

"அம்மா, நம்ம வீடு! நம்ம தண்ணி டேங்க்!"

கொய்யா மரம் கூட இருந்தது, பஞ்சில் செய்தது.

"உங்கட வீடோ அது?" என்று கேட்டுக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தான். பெயர் ரிஷிகேசன் என்றான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டியில் ஒரு வங்கியில் வேலை. சனி ஞாயிறில் இந்தப் பைத்தியம். "இன்டர்நெட்டில மேலயிருந்து எடுத்த படத்தைப் பாத்துத்தான் செய்தனான். மரம் சரியோ?"

"மரம் சரி தம்பி," என்றான் ஜனார்த்தனன். "வீட்டுக்குத்தான் நாங்க இன்னும் பெயின்ட் அடிக்கல. நீங்க அடிச்சிட்டீங்க, எனக்குச் செலவு மிச்சம்."

வெளியே ஜம்பு மரத்தைச் சுற்றித் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கழுதை உயரத்துக்கு ஒரு எஞ்சின், பின்னால் பிள்ளைகள் இரண்டிரண்டாகக் குந்தியிருக்கும் பெட்டிகள். பலகையடித்த ஒரு சின்ன மேடைதான் ஸ்டேஷன். மேடையருகே ஆணியில் ஒரு பெரிய வளையம் தொங்கியது. இரும்புக் கம்பிமேல் பிரம்பு சுற்றி, அடியில் தோல்பை தைத்திருந்தது. ரிஷிகேசன் பையைத் திறந்து உள்ளேயிருந்த பித்தளை வில்லையைப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டினான்.

"இதுதான் டேப்லட்."

"எதுக்கு, காய்ச்சலுக்கா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு தகப்பன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"ரயிலுக்குக் காய்ச்சல் வராமல் இருக்க, அண்ணை. ஒற்றைப் பாதையில எதிரும் புதிருமா ரெண்டு ரயில் வரக்கூடாது. அதால, இந்த வளையம் ஆரிட்டக் கிடக்கோ அவர்தான் அந்தத் துண்டுப் பாதையில ஓடலாம். அடுத்த ஸ்டேஷனில குடுத்திட்டுத்தான் வெளிய போகலாம். இல்லாட்டி நிண்ட இடத்தில நிக்கவேண்டியதுதான், வருஷக் கணக்கெண்டாலும். இது மாத்தளைப் பாதையில ஓடின அசல் சாமான், கலகெதரயில ஒரு பழைய இரும்புக் கடையில அம்பிட்டது. ஆரோ ஒரு டிரைவர் குடுக்க மறந்திட்டுப் போயிட்டார் போல."

பிறகு விளையாட்டைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை ஸ்டேஷன் மாஸ்டராக மேடையில் நிற்க வேண்டும். ரயில் சுற்றி வரும்போது கையை நன்றாக நீட்டி வளையத்தைக் கொடுக்க வேண்டும். டிரைவர் போகிற போக்கில் அதைத் தன் மடித்த முழங்கையில் கொளுவிக்கொள்வார்.

"வளையம் குடுத்த ஆள் அடுத்த ரவுண்டில என்னோட முன்னுக்கு!"

அதற்காகத்தான் பிள்ளைகள் அடிபட்டார்கள். ஏறியவர்கள் இறங்க மாட்டோம் என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு "இன்னொரு ரவுண்டு! இன்னொரு ரவுண்டு!" என்று கத்தினார்கள். வரிசையில் நின்ற தாய்மாரின் காது அடைத்தது. தர்ஷனாவின் முறை வந்தது. பழுப்பு மழைக்கோட்டு போட்டிருந்த அவள் மேடையில் ஏறி, வளையத்தை வாங்கி, கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ரயில் மரத்துக்குப் பின்னால் திரும்பிய நேரம் வானம் பொத்துக்கொண்டது.

கண்டி மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. ஆட்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ரயில் மரத்தடியில் நின்றுவிட்டது. ஜனார்த்தனன் மகளைத் தூக்கித் திரீவீல் ஆட்டோவுக்குள் போட்டான். வீட்டுக்கு வந்து மழைக்கோட்டைக் கழற்றும்போதுதான் தெரிந்தது, வளையம் அவள் தோளிலேயே கிடந்தது.

"அட, ரயில்வேயவே கொள்ளையடிச்சிட்டு வந்திட்டாளே என் மக!" என்று ஜனார்த்தனன் சிரித்தான்.

தர்ஷனா சிரிக்கவில்லை. "நான் இன்னும் குடுக்கல. எனக்கு ரவுண்டு தரல," என்று விக்கி விக்கி அழுதாள்.

"சனிக்கெழம திருப்பிக் குடுக்கப் போறோம்ல, அப்ப போலாம்," என்றாள் நிரஞ்சனி. மேசைமேல் கிடந்தால் எடுத்து இழுத்துக்கொண்டு திரிவாள் என்று வளையத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வழக்கம்போல வீடு கழுவி விளக்கேற்றினாள். வியாபாரிகள் வீட்டில் செவ்வாய் வெள்ளிக்கு ஒரு வேலை உண்டு. சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு போய் கடைத் தராசு, கல்லாப்பெட்டிச் சாவி, மோட்டார் சைக்கிள், கிரைண்டர் என்று வீட்டுக்காக உழைக்கிற ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும். பொட்டு வைத்தால் அது வீட்டுச் சாமான். நிரஞ்சனிக்கு அது கை பழகிய வேலை. மனம் அலுவலகத்துப் பைல்களில் இருந்தது. சாமிப் படத்துக்கு வைத்த கை, பக்கத்தில் தொங்கிய பித்தளைக்கும் வைத்துவிட்டு நகர்ந்தது. செவ்வந்திப் பூ ஒன்றைக்கூடச் செருகிவிட்டிருந்தாள். சூடம் அணைந்த பிறகுதான் கவனித்தாள். பிறத்தியார் பொருளாயிற்றே என்று ஒரு கணம் தோன்றியது. சாமிக்கு முன்னால் வைத்த பொட்டை உடனே அழிக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை துணி காயப்போடப் பின்பக்கம் போனவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

தண்டவாளம் மினுங்கியது.

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். முதல் நாள் வரை செந்துருவாகக் கிடந்த இரும்பு, தேய்த்துக் கழுவிய குத்துவிளக்குப் போலிருந்தது. வத்தேகமப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் அப்படித்தான். கண்டிப் பக்கம் திரும்பினால் பழைய துரு. இரண்டும் சந்திக்கிற இடம் அவர்கள் வீட்டுக் கொய்யா மரத்துக்கு நேரே இருந்தது.

"டிராலி தள்ளிப் பாத்திருப்பாங்க," என்றான் ஜனார்த்தனன், பல் விளக்கிக்கொண்டே. "ரயில்வே ஆளுங்க வேல பாக்குறதே இல்லன்னு திட்டுவ. பாத்தாலும் திட்டுவியா?"

"நம்ம வீட்டோட நின்னுடுச்சே?"

"டீ குடிக்கப் போயிருப்பாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அன்று அலுவலகத்திலிருந்து, மண்டபத்து டிக்கெட்டில் இருந்த நம்பருக்கு அடித்தாள். ரிஷிகேசன் ஊருக்குப் போயிருந்தான். "ஐயோ, உங்களிட்டயோ கிடக்கு! நான் துலைஞ்சுபோச்செண்டு தேடினனான். பரவாயில்லை அக்கா, சனிக்கிழமை வாறன், அப்ப கொண்டு வாங்கோ. மண்டபம் அதுவரைக்கும் பூட்டித்தான் கிடக்கும்."

வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு ஸஹ்ரா கேற்றடியில் காத்திருந்தாள். லீவு நாட்களில் தர்ஷனாவை அவள்தான் பார்த்துக்கொள்வாள்.

"நிரஞ்சனி, ஒங்களுக்கு ஒண்டு செல்லோணும். இண்டைக்கி எங்கட மொளகாப் பாய் பெரட்டிக் கெடந்திச்சி. ஆரும் காலால தட்டின மாதிரி இல்ல. மொளகா ரெண்டு பக்கமும் வரிசையா வெலகிக் கெடக்கு, பாய் நடுவுல ரெண்டா வெட்டுப்பட்டீக்கிது."

"ஆடு இழுத்திருக்கும்."

"ஆடு அந்தப் பக்கமே போவுதில்லையே! கட்டினா கவுத்த அறுத்துக்கிட்டு வருது." ஸஹ்ரா குரலைத் தாழ்த்தினாள். "அது கெடக்கட்டும். புள்ள ரெண்டு நாளா பின்னேரம் அஸர் நேரத்துல அந்த வளையத்தக் கையில மாட்டிக்கிட்டு பாதையில பெய்த்து நிக்கிது. நான் பேசிக் கூட்டிக்கிட்டு வந்தன். என்னத்துக்கு மகள் நிக்கிறண்டு கேட்டா, ரயில் வருதாம். பக்கத்துல வந்து வந்து நிக்கிதாம். நீங்க ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

இரவுச் சாப்பாட்டின்போது நிரஞ்சனி சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாள். தர்ஷனா பருப்பைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகவே பதில் சொன்னாள்.

"டிரைவர் மாமா வளையத்தக் கேக்குறாரு. அது இல்லாம அவரால போக முடியாதாம்."

"எந்த மாமா? கண்டியில பாத்த மாமாவா?"

"இல்ல, இவரு வேற. நான் மொத நாள் கைய நல்லா நீட்டல, எட்டல. இன்னைக்கு ஸஹ்ரா ஆன்ட்டி கூப்பிட்டுட்டாங்க. வளையத்தக் குடுத்தா அடுத்த ரவுண்டு என்னைய ஏத்திக்கிட்டுப் போவாராம். முன்னுக்கு உக்காந்து."

"எங்க போவாராம்?"

தர்ஷனா இந்தக் கேள்வியை யோசித்தே பார்த்திருக்கவில்லை. "ரவுண்டு," என்றாள்.

ஜனார்த்தனன் சிரிக்க வாயெடுத்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "புள்ள கத சொல்லுது. இப்ப என்ன, நான் போயி அத ஆத்துல வீசிட்டு வரவா?"

"அடுத்தவங்க பொருளுங்க. சனிக்கெழம காலையில கொண்டுபோயி குடுத்திட்டு, அப்படியே நானும் பாப்பாவும் புஷ்பம் அக்கா வீட்டுக்குப் போறோம். லீவு முடிஞ்சு வர்றோம்."

"புசல்லாவைக்கா? அங்க என்ன இருக்கு?"

"ரயில் இல்ல," என்றாள் நிரஞ்சனி.

வளையத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மேலே கையெட்டாத இடத்தில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். லீவு காலத்து நெரிசலில் பஸ் ஊர்ந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் அசையாமலே நின்றது. ஆற்றிலிருந்து புகைபோல மூட்டம் எழும்பிக் கரையேறிக்கொண்டிருந்தது. அவள் அங்கேயே இறங்கி நடந்தாள், பிறகு ஓடினாள்.

ஸஹ்ராவின் கணவன் ஹலீம் ஜும்ஆத் தொழுகை முடிந்து விருந்தாளிகளோடு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "புள்ள இப்பத்தானே இங்க இருந்திச்சி?" என்று ஸஹ்ரா கையில் கறிச்சட்டியோடு திகைத்தாள். நிரஞ்சனியின் வீட்டுப் பின்கதவு திறந்து கிடந்தது. அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரை. கதிரைமேல் தலையணை, தலையணைமேல் டெலிபோன் டிரெக்டரி. அலுமாரிக் கதவு ஆவென்று திறந்திருந்தது.

தர்ஷனா கொய்யா மரத்துக்கு அப்பால், சரளைக் கல்லின் ஓரத்தில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்றது போலவே நின்றாள். வலது கை நீண்டிருந்தது. அதன் நுனியில் வளையம், வளையத்தின் அடியில் வாடிய செவ்வந்தி. ஒன்று மட்டும் மாறியிருந்தது. இப்போது அவள் கண்ணை மூடியிருக்கவில்லை. வத்தேகமப் பக்கத்து வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சனிக்குக் காலில்தான் முதலில் தெரிந்தது. செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஒரு அதிர்வு. பிறகு தண்டவாளம் ஊளையிடத் தொடங்கியது, தூரத்தில் வரும் பாரம் இரும்புக்குள் எழுப்பும் அந்த மெல்லிய சத்தம். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் தினமும் கேட்ட சத்தம்தான். அடுப்பில் பால் வைக்கிற நேரம் என்று அவளுக்குச் சொல்லும் சத்தம். இப்போது கேட்கக் கூடாத சத்தம்.

"பாப்பா! இங்க வா!"

தர்ஷனா திரும்பவில்லை. நிரஞ்சனி போய் அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கினாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இருக்கக்கூடாத பலத்தோடு அது திமிறியது.

"விடுங்கம்மா! என்னோட ரவுண்டு! என்னோட ரவுண்டு!"

தாயின் கையைக் கடித்தாள். வளையத்தைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று ஒரு கணம் நிரஞ்சனி நினைத்தாள். எறிந்தால்? இத்தனை நாள் வந்து நின்றது போல இன்றும் இங்கேயே வந்து நிற்கும். நாளைக்கும் நிற்கும். தன் பிள்ளை கையை நீட்டும்வரை கொய்யா மரத்தடியில் காத்து நிற்கும். வளையம் இல்லாமல் அந்த ரயிலால் போக முடியாது என்றால், கொடுத்து அனுப்பிவிடுவதுதான் வழி. பிள்ளை கொடுக்காமல் இருந்தால் போதும்.

இடது கையால் மகளை நெஞ்சோடு இறுக்கி, அவள் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள். வலது கையில் வளையத்தை வாங்கி, மண்டபத்து மேடையில் பிள்ளைகள் செய்தபடி நேராக நீட்டினாள்.

மூட்டம் வளைவைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் எஞ்சினென்று எதையும் அவள் பார்க்கவில்லை. காற்று முதலில் வந்தது. ஈரக் கரியும் பழைய எண்ணெயும் மணக்கும் சூடான காற்று. பிறகு வரிசையாக ஜன்னல்கள், ஜன்னல்களில் சின்னக் கைகள். முகம் எதுவும் தெரியவில்லை. ரயிலில் போகும் பிள்ளைகள் பாதையோரத்து ஆட்களுக்கு டாட்டா காட்டுவது போல அத்தனை கைகளும் அசைந்தன. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே பக்கம். நெஞ்சோடு ஒட்டியிருந்த தர்ஷனாவின் கை தானாக மேலெழும்பிப் பதிலுக்கு அசைந்தது. நிரஞ்சனி அதை அமுக்கிப் பிடித்தாள்.

காக்கிச் சட்டையை மடித்துவிட்ட ஒரு முழங்கை மூட்டத்திலிருந்து வெளியே வந்தது. நரைத்த ரோமமும் நரம்பும் தெரிந்த, உழைத்துத் தேய்ந்த கை. அது வளையத்துக்குள் நுழைந்து, அவள் விரல்களில் நோகாமல், மிகுந்த பழக்கத்தோடு அதைக் கழற்றிக்கொண்டு போயிற்று.

"இன்னொரு ரவுண்டு!" என்று பிள்ளைகளின் குரல்கள் ஒன்றாகக் கத்தியது கண்டிப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது.

மூட்டம் விலகியபோது தண்டவாளம் இரண்டு பக்கமும் மினுங்கிக்கொண்டிருந்தது. நீட்டிய கையை மடக்க மறந்து நிரஞ்சனி நின்றாள்.

"அம்மா," என்றாள் தர்ஷனா தோளிலிருந்து. "பசிக்குது. நூடுல்ஸ் செஞ்சு தாறீங்களா?"

அந்தப் பின்னேரம் முழுவதும் நிரஞ்சனி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நூடுல்ஸ் சாப்பிட்டது, கார்ட்டூன் பார்த்தது, தகப்பனின் முதுகில் ஏறியது. பின்கதவுப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வளையத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "எந்த வளையம்?" என்று யோசித்து, "ஓ, அதுவா? இனி எனக்கு வேணாம்," என்றது. நிரஞ்சனி குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். கணவனிடம் வளையம் தொலைந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மனதுக்குள் கோர்த்துக்கொண்டே மகளையும் துணிப்பையையும் பிடித்தபடி மண்டபத்துக்குப் போனாள். ரிஷிகேசன் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த வளையம்..."

"கிடைச்சிட்டுது அக்கா. நேற்றுப் பின்னேரமே கொண்டுவந்து வைச்சிட்டுப் போனீங்களாமே? வாட்ச்சர் மேடைப் பலகையில கண்டெடுத்தவராம்." அவன் சிரித்தான். "பொட்டெல்லாம் வைச்சு, பூ வைச்சு, ஆளை மணப்பெண் மாதிரியெல்லோ அனுப்பியிருக்கிறியள்!"

மேடையருகே ஆணியில் அது தொங்கியது. தோல்பையிலிருந்து எட்டிப் பார்த்த பித்தளையில் அவள் வைத்த பொட்டு உலர்ந்து வெடித்திருந்தது. செவ்வந்தியும் இருந்தது. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். போய்ச் சேர்ந்துவிட்டது, சேர வேண்டிய இடத்தில் கொடுத்தாயிற்று, முடிந்தது.

கேற் திறந்ததும் பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள். ரிஷிகேசன் எஞ்சினில் ஏறி உட்கார்ந்து கைகொட்டினான்.

"எல்லாரும் கேளுங்கோ! வளையம் குடுத்த ஆள் அடுத்த ரவுண்டில என்னோட முன்னுக்கு!"

மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்த நிரஞ்சனியின் கையில், நேற்று வளையம் கழன்றுபோன இடம் குளிர்ந்தது.

ரயில் நின்ற இடைவேளையில் அவனிடம் போனாள். விளையாட்டாகக் கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள். "ஏன் தம்பி, வளையம் குடுத்த ஆளு ஏறாம வீட்டுக்குப் போயிட்டா?"

"போக விடுவனோ?" என்றான் அவனும் விளையாட்டாக. "குடுத்தா ஏறத்தான் வேணும், அக்கா. நிண்ட இடத்தில போய் ஏத்திக்கொண்டு வருவன்!"

உள்ளே மேசையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. அவள் ஒதுங்கி நின்று, பச்சைத் துணி மலைகள் முடிந்து மேசை விளிம்பில் மடிந்து தொங்குகிற இடத்தைப் பார்த்தாள். கண்டி இருந்தது, கட்டுகஸ்தோட்டை இருந்தது, மாத்தளை இருந்தது. புசல்லாவை அந்த மேசையிலேயே இல்லை. அதை நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கம்பளை வரை ரயில் பாதை சாலைக்குப் பக்கத்தில் வருவதும் விலகுவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை கண்ணில் பட்டபோதும் அவள் மகளின் தலையைத் தடவினாள். கம்பளையோடு அது நாவலப்பிட்டிப் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. பஸ் மலையேறத் தொடங்கியது. தேயிலைப் பச்சை இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொண்டபோது நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

"என்னடி இது, அதிசயமா இருக்கு, சொல்லாம கொள்ளாம!" என்று புஷ்பம் வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "ஜனா வரலியா? கல்லாப்பெட்டிய விட்டுப்புட்டு வர மாட்டாரே அவரு!"

"பாப்பாவுக்கு ரயில் பைத்தியம்க்கா. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"ரயில் பைத்தியத்துக்கு எங்க ஊரா? நல்ல வைத்தியம்தான் போ. ரயிலப் பாக்க நாங்களே கம்பளைக்கில்ல போகணும்!"

இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. தர்ஷனா பெரியம்மாவின் பின்னாலேயே திரிந்தாள், கோழிகளுக்குப் பெயர் வைத்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் நிரஞ்சனி தோட்டத்து லய வீடுகளின் கோடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மலையிலிருந்து பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு இறங்கி வந்தார்கள். கீழே மெயின் ரோட்டில் நுவரெலியா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. புஷ்பம் கோப்பித்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். பள்ளத்திலிருந்து மூட்டம் தேயிலை வரிசைகளுக்குள் நுழைந்து ஏறி வந்தது.

அவளுக்குக் காலில்தான் முதலில் தெரிந்தது.

கையிலிருந்த கிளாஸில் கோப்பித்தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. புஷ்பத்தின் கிளாஸில் அசைவில்லை. சரிவில் ஈரக் கரி மணந்தது. தேயிலைச் செடிகளுக்கு அடியில், இரும்பே இல்லாத அந்த மண்ணுக்குள், அந்த மெல்லிய ஊளை எழும்பியது.

"பாப்பா," என்றாள். "ஏதாச்சும் கேக்குதா?"

கோழிக் கூட்டடியில் குந்தியிருந்த தர்ஷனா நிமிர்ந்து, காதைக் கொடுத்து, தலையாட்டினாள். "இல்லையேம்மா. என்னது?"

பிள்ளைக்குக் கேட்கவில்லை. நிரஞ்சனி அந்த முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துக்கொண்டாள். மூட்டத்துக்குள்ளிருந்து சின்னக் குரல்கள் உற்சாகமாக எதையோ கத்திக்கொண்டு நெருங்கி வந்தன. கட்டுகஸ்தோட்டையில் கேட்ட சத்தம் வேறு. அது கடந்து போன சத்தம். இது வேகம் குறைந்து கொண்டிருந்தது. மேடையை நெருங்கும் ரயில், ஏறுகிற ஆளுக்காக நிதானிக்கிற சத்தம்.

அவள் கிளாஸைச் சுவர்மேல் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அக்கா," என்றாள், "பாப்பா கையக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. விட்டுறாதீங்க."